யூனிக்ஸ் கணினிகளில் மாற்றக் காப்புப்படி: வரலாறும் தமிழ் நூல் பாதுகாப்பும்

மாற்றக் காப்புப்படி என்பது, கணினியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் ஒவ்வொரு முறையும் படியெடுக்காமல், கடந்த முறை படியெடுத்த பிறகு மாறியவற்றையும் புதிதாகச் சேர்ந்தவற்றையும் மட்டும் படியெடுத்து வைக்கும் முறையாகும். கணினித் துறையினர் இதனை இன்கிரிமென்டல் பேக்கப் என்று வழங்குவர். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியாக இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று தமிழ் நூல்களையும் தமிழ்க் கட்டுரைகளையும் சேமித்து வைத்திருக்கும் பல கணினிகள் யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் இயங்குதளத்திலேயே இயங்குகின்றன. எனவே இந்த முறையின் வரலாறு தமிழ் நூல் பாதுகாப்பின் வரலாற்றோடும் தொடர்புடையது.

ஒரே படியின் ஆபத்து

ஒரு நூலுக்கு ஒரே ஒரு படி மட்டும் இருந்தால் அது அழிந்த நாளில் நூலும் அழிந்துவிடும். ஓலைச்சுவடிக் காலத்துத் தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஓலையைச் செல்லும் ஈரமும் அரிக்கும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் பணி நின்றுபோன வீடுகளிலும் மடங்களிலும் பல நூல்கள் அப்படியே மறைந்தன. உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியதன் காரணமும் இதுவே. ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைத்தபோது அவற்றை ஒப்பிட்டு, ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்றின் உதவியால் நிரப்ப முடிந்தது. ஒரே சுவடி கிடைத்த நூல்களில் சிதைந்த இடம் சிதைந்தபடியே நின்றது.

அச்சு வந்த பிறகும் இந்த ஆபத்து நீங்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன. அச்சில் வந்து பல ஊர்களுக்குச் சென்ற நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே படியாக இருந்தவற்றை எந்த முயற்சியாலும் மீட்க முடியவில்லை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது.

நாளேடும் பேரேடும்

மாற்றக் காப்புப்படியின் அடிப்படைக் கருத்தைக் கடைக்கணக்கைக் கொண்டு எளிதாக விளக்கலாம். கணக்கர் ஒவ்வொரு நாளும் கடையின் முழுச் சொத்தையும் எண்ணி எழுதுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் முழு இருப்பை எழுதுகிறார். பிறகு அன்றன்றைய வரவையும் செலவையும் நாளேட்டில் பதிகிறார். எந்த நாளின் இருப்பு வேண்டுமானாலும், தொடக்க இருப்போடு அந்த நாள் வரையிலான பதிவுகளைச் சேர்த்தால் போதும்.

கணினியில் தொடக்க இருப்புக்கு இணையானது முழுக் காப்புப்படி. நாளேட்டுப் பதிவுக்கு இணையானது மாற்றக் காப்புப்படி. ஒரு கணினியில் 40 ஜிகாபைட் கோப்புகள் உள்ளன என்றும், நாளொன்றுக்கு 0.2 ஜிகாபைட் அளவு மாறுகிறது என்றும் கொள்வோம். 30 நாளும் முழுப்படி எடுத்தால் 1,200 ஜிகாபைட் இடம் வேண்டும். முதல் நாள் முழுப்படியும் அடுத்த 29 நாள் மாற்றப்படியும் எடுத்தால் 45.8 ஜிகாபைட் போதும். ஆனால் நாளேட்டில் ஒரு பக்கம் கிழிந்தால் இருப்பு தவறுவது போல, இடையில் ஒரு மாற்றப்படி கெட்டால் அந்த நாளின் மாற்றங்கள் கிடைக்காமல் போகும். இடத்தை மிச்சப்படுத்துவதும் சங்கிலி அறாமல் காப்பதும் ஆகிய இரண்டுக்கும் இடையிலான இழுபறியே இம்முறையின் வரலாறு.

யூனிக்சுக்கு முன்

மாறியதை மட்டும் படியெடுக்கும் எண்ணம் யூனிக்சில் பிறந்ததன்று. 1960களில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை வந்தபோதே இத்தேவை எழுந்தது. தனித்தனி ஆய்வாளரின் அட்டைக் கட்டுகள் அவரவர் மேசையில் இருந்த காலம் போய், அனைவரின் வேலையும் ஒரே வட்டில் சேர்ந்தது. வட்டு பழுதானால் அனைவருக்கும் இழப்பு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலியவை உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில், மாறிய கோப்புகளை அவ்வப்போது நாடாவில் எழுதும் ஏற்பாடு இருந்தது. பெல் ஆய்வுக்கூடமும் அத்திட்டத்தில் பங்கேற்று, 1969இல் விலகியது. அங்கிருந்து திரும்பிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதே ஆண்டு யூனிக்சைத் தொடங்கினர்.

டம்ப்: நிலைகளின் முறை

யூனிக்சின் பழைய காப்புக் கருவி டம்ப் எனப்படும். அதன் இணை, படியெடுத்ததைத் திரும்பக் கொண்டுவரும் ரெஸ்டோர். 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் டம்ப் இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் காப்புப்படிகள் காந்த நாடாச் சுருள்களில் எழுதப்பட்டன. 2,400 அடி நீளமுள்ள ஒரு சுருளில், அங்குலத்துக்கு 1,600 எழுத்துகள் என்ற அடர்த்தியில், சுமார் 40 மெகாபைட் அடங்கும். அக்காலப் பெரிய வட்டு ஒன்றின் கொள்ளளவு 176 மெகாபைட். அதனை முழுதும் படியெடுக்க நான்கைந்து சுருள்கள் தேவைப்பட்டன. சுருள்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு ஒருவர் அருகிலேயே காத்திருக்க வேண்டும். தினமும் முழுப்படி எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாமல் போனதற்கு இதுவே காரணம்.

டம்ப் இதற்கு 0 முதல் 9 வரை பத்து நிலைகளை வகுத்தது. நிலை 0 என்பது முழுப்படி. வேறு எந்த நிலையானாலும், அதனைவிடக் குறைந்த எண் கொண்ட நிலையில் கடைசியாக எப்போது படியெடுக்கப்பட்டதோ, அதன் பிறகு மாறியவை அனைத்தையும் எடுக்கும். எந்த நிலை எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைக் கணினியே ஒரு சிறு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும்.

ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2 என்று வரிசையாக எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு நாளும் குறைந்த அளவே எழுத வேண்டியிருக்கும். ஆனால் சனிக்கிழமை எடுத்த படிவரை மீட்க ஏழு நாள் நாடாவும் வேண்டும். இதற்கு மாற்றாக, பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்சின் கையேடு, அனாய் கோபுரம் என்னும் கணிதப் புதிரைத் தழுவிய ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது. நிலை 0க்குப் பிறகு அன்றாடப் படிகள் 3, 2, 5, 4, 7, 6, 9, 8 என்று செல்லும்.

இதன் பயன் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். ஞாயிறு நிலை 0, திங்கள் 3, செவ்வாய் 2, புதன் 5, வியாழன் 4, வெள்ளி 7, சனி 6 என்று கொள்வோம். செவ்வாயின் நிலை 2, திங்களின் நிலை 3ஐவிடக் குறைவு. ஆகவே அது ஞாயிறுக்குப் பிறகு மாறிய அனைத்தையும் எடுக்கும். திங்களன்று மாறியவை திங்கள், செவ்வாய் என இரண்டு நாடாக்களிலும் இருக்கும். அவ்வாறே புதனன்று மாறியவை புதன் நாடாவிலும் வியாழன் நாடாவிலும் இருக்கும். சனிக்கிழமைக்குப் பிறகு மீட்க ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி என நான்கு நாடாக்களே போதும். திங்கள், புதன், வெள்ளி நாடாக்கள் கெட்டாலும் இழப்பில்லை. ஓரளவு கூடுதல் இடம் கொடுத்துச் சங்கிலியைச் சுருக்கும் ஏற்பாடு இது.

மாறியது எது என அறிதல்

மாறிய கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டுமானால், எது மாறியது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். யூனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்னும் குறிப்பேட்டுப் பதிவை வைத்திருக்கிறது. அதில் மூன்று நேரங்கள் பதியப்படுகின்றன. கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் ஒன்று. கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் மற்றொன்று. உரிமை, அனுமதி போன்ற குறிப்புகளோ உள்ளடக்கமோ கடைசியாக மாறிய நேரம் மூன்றாவது. இந்நேரங்கள் 1970 சனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எண்ணப்படுகின்றன.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் டார் என்ற கருவி அறிமுகமானது. டம்ப் ஒரு வட்டுப் பகுதி முழுவதையும் கையாளும். டார் வேண்டிய கோப்புகளை மட்டும் ஒரே பொதியாகக் கட்டித் தரும். மாறிய கோப்புகளின் பட்டியலைத் தயாரித்து அவற்றை டார் கொண்டு கட்டும் பழக்கம் பரவியது. ஆனால் உள்ளடக்கம் மாறிய நேரத்தை மட்டும் நம்புவதில் இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது, பெயர் மாற்றப்பட்ட கோப்பின் உள்ளடக்க நேரம் மாறுவதில்லை. ஆகவே புதிய பெயரில் அது படியெடுக்கப்படாமல் விடுபடலாம். இரண்டாவது, அழிக்கப்பட்ட கோப்பு தான் அழிந்ததாக எந்தச் சுவட்டையும் விட்டுச் செல்வதில்லை. முழுப்படியை மீட்டு, அதன்மேல் மாற்றப்படிகளை வைத்தால், வேண்டாமென்று அழித்தவையும் திரும்ப வந்து சேரும். பிற்காலத்தில் குனூ டார், ஒவ்வொரு அடைவிலும் அந்த நாளில் இருந்த கோப்புகளின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து எழுதி இக்குறைகளைத் தீர்த்தது. வகுப்பில் வந்தவரை மட்டும் குறித்தால் வராதவர் யார் என்று தெரியாது. முழு வருகைப் பதிவேடு இருந்தால்தான் தெரியும் என்பது போன்றது இது.

ஆர்சிங்க்: கோப்புக்குள் மாறியதை மட்டும் அனுப்புதல்

1990களில் காப்புப்படியை வேறு ஊரில் உள்ள கணினிக்கு இணையம் வழியாக அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. பெரிய கோப்பில் ஒரு வரி மாறினாலும் முழுக் கோப்பையும் மெதுவான தொலைபேசி இணைப்பில் அனுப்ப வேண்டியிருந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் 1996இல் ஆர்சிங்க் என்ற கருவியை வெளியிட்டனர்.

பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி அந்த எண்களைக் கொண்டு தன் புதிய கோப்பில் எந்தத் துண்டுகள் அப்படியே உள்ளன என்று கண்டறியும். மீதியை மட்டும் அனுப்பும். மாற்றக் காப்புப்படியின் அலகு கோப்பு என்பதிலிருந்து கோப்பின் ஒரு துண்டு என்பதாகச் சிறுத்தது.

ஆர்சிங்க் கொண்டு எடுக்கும் நேர்ப்படியில் ஓர் ஆபத்தும் உண்டு. மூலத்தில் அழிந்ததைப் படியிலும் அழிக்குமாறு அமைத்தால், இன்று தவறுதலாக நீக்கிய கோப்பு இன்றிரவே படியிலிருந்தும் நீங்கிவிடும். இதனால் நாள்தோறும் ஒரு தனி அடைவை உருவாக்கி, மாறாத கோப்புகளுக்கு யூனிக்சின் வன்தொடுப்பு வசதியைப் பயன்படுத்தும் முறை 2000களில் பரவியது. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் கொடுக்கும் வசதியே வன்தொடுப்பு. இம்முறையில் ஒவ்வொரு நாளின் அடைவும் முழுப்படி போலத் தோன்றும்; ஆனால் இடம் மாற்றப்படி அளவே செலவாகும்.

இந்தியாவிலும் சென்னையிலும்

இந்தியக் கல்வி நிறுவனங்களில் யூனிக்ஸ் பரவ எர்நெட் திட்டம் பெரிதும் உதவியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய இக்கல்வி ஆய்வு வலையமைப்பில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. மின்னஞ்சலும் கோப்புப் பரிமாற்றமும் யூனிக்ஸ் கணினிகள் வழியாகவே நடந்தன. பின்னர் லினக்ஸ் வந்தபோது, விலையின்றிக் கிடைத்த அந்த இயங்குதளத்தோடு டார், ஆர்சிங்க் முதலிய கருவிகளும் வீட்டுக் கணினி வரை வந்து சேர்ந்தன.

மதுரைத் திட்டமும் எழுத்துருச் சிக்கலும்

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் உள்ள தமிழர் ஊதியமின்றித் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இணையத்தில் வைத்தனர். தலைப்புப் பக்கத்தை மாற்றாமல் எவரும் கோப்பைப் படியெடுத்துப் பரப்பலாம் என்பது அதன் விதி. பலரிடம் பல படிகள் இருக்கச் செய்த இந்த விதியே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக அமைந்தது.

இத்திட்டத்தின் வரலாறு காப்புப்படி பற்றி மற்றொரு பாடத்தையும் தருகிறது. தொடக்கக் கோப்புகள் மயிலை என்னும் எழுத்துருவில் இருந்தன. பின்னர் தஸ்கி குறியாக்கத்துக்கும், அதன் பின் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. தஸ்கியில் ஒரு குறிக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். கோப்புகள் அளவிலும் உள்ளடக்கத்திலும் முற்றிலும் மாறின. இத்தகைய மாற்றம் நிகழும் நாளில் மாற்றக் காப்புப்படிக்கும் முழுப்படிக்கும் வேறுபாடு இருக்காது. ஏனெனில் கணினியின் பார்வையில் எல்லாக் கோப்பும் மாறியிருக்கும்.

மேலும், பைட்டுகளைப் பிழையின்றிக் காப்பது மட்டும் நூலைக் காப்பதாகாது. பழைய எழுத்துரு கிடைக்காத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். ஆகவே மாற்றும் முன் இருந்த மூலத்தையும், மாற்றிய பின் வந்த கோப்பையும், எந்தக் குறியாக்கம் என்ற குறிப்பையும் சேர்த்தே காக்க வேண்டியுள்ளது.

தமிழ் விக்கிப்பீடியாவின் படிகள்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. பழைய பதிவு நீக்கப்படுவதில்லை. விக்கிமீடியா நிறுவனம் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களின் முழுப்படிகளையும் குறித்த இடைவெளியில் வெளியிடுகிறது. அவற்றுக்கு இடையில், அன்று புதிதாகச் சேர்ந்த திருத்தங்களை மட்டும் கொண்ட அன்றாடப் படிகளையும் வெளியிடுகிறது. இவற்றை எவரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வெளிநிறுவனங்கள் சில ஆர்சிங்க் வழியாக முழுப்படிகளின் நேர்ப்படிகளைப் பேணுகின்றன. 1970களில் நாடா அறைக்குள் இருந்த முழுப்படியும் மாற்றப்படியும் இன்று பொதுச் சொத்தாகத் திறந்து கிடப்பதை இதில் காணலாம்.

மீட்டுப் பார்க்காத படி

காப்புப்படி எடுப்பதும் அது பயன்படுவதும் ஒன்றல்ல. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் ஒரு தவறான அழிப்புக் கட்டளையால் மறையத் தொடங்கின. காப்புப்படிகளை எடுத்துப் பார்த்தபோது அவை முறையாக வேலை செய்யவில்லை எனத் தெரியவந்தது. வீட்டிலிருந்து பணியாற்றிய ஓர் ஊழியரின் கணினியில் இருந்த படியைக் கொண்டே படம் மீட்கப்பட்டது. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான கணினியில் தரவுத்தள அடைவை நீக்கினார். பல காப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படி உதவியது. அந்த ஆறு மணி நேரத் தரவு இழக்கப்பட்டது.

மாற்றக் காப்புப்படிக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதில் மீட்பு பல கண்ணிகளைச் சார்ந்தது. அவ்வப்போது ஒரு வெற்று அடைவில் மீட்டுப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிடுவதும், குறித்த இடைவெளியில் புதிய முழுப்படி எடுத்துச் சங்கிலியை மறுபடி தொடங்குவதும் இன்றியமையாதவை. பழைய யூனிக்ஸ் கையேடும் முழுப்படியை மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ புதிய நாடாக்களில் எடுத்து, அவற்றை எக்காலமும் வைத்திருக்கச் சொன்னது.

படி இருக்கும் இடம்

2015 திசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த நீரோடு அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. கணினியும், அதன் அருகிலேயே வைத்திருந்த காப்பு வட்டும் ஒரே நீரில் நனைந்தால் இரண்டு படி இருந்தும் ஒரு படியும் மிஞ்சாது. கோபாலபுரத்தில் உள்ள ஒருவர் தன் இரண்டாம் படியைச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்டூர்புரத்து உறவினர் வீட்டில் வைத்தால் தீ விபத்திலிருந்து காப்பு கிடைக்கும். நகர் முழுவதையும் தாக்கும் வெள்ளத்திலிருந்து உறுதியான காப்பு கிடைக்காது. வேறு ஊரில் ஒரு படி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மாற்றங்கள் மட்டும் அனுப்பப்படுவதால், சாதாரண வீட்டு இணைய இணைப்பிலேயே மதுரைக்கோ கோவைக்கோ அன்றாடம் படி அனுப்ப முடிகிறது.

முக்கியத்துவம்

ஓலையில் படியெடுத்தவர் முழு நூலையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் சுமையே பல நூல்களுக்கு இரண்டாம் படி இல்லாமல் போனதற்கு ஒரு காரணம். மாற்றக் காப்புப்படி அச்சுமையை அன்றாடம் சில நிமிட வேலையாகக் குறைத்தது. ஆனால் எதைக் காப்பது, எத்தனை இடங்களில் வைப்பது, எப்போது மீட்டுப் பார்ப்பது என்பவற்றை எந்தக் கருவியும் தானே முடிவு செய்வதில்லை. ஊர்ப் பள்ளி ஆண்டு மலர், சிற்றிதழ், குடும்பக் கடிதம் என இன்று ஒரே கணினியில் ஒரே படியாக இருக்கும் தமிழ் ஆவணங்கள் ஏராளம். அவற்றின் முதல் முழுப்படியை எடுக்க வேண்டியவர் அவற்றை வைத்திருப்பவரே.